இருட்டுக்கு அளவெடுத்தேன்

வீடு பார்க்கப் போன அன்று நான் பார்த்தது ஜன்னலை மட்டும்தான். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, சுவரில் ஓதம் இருக்கிறதா, மாடிப்படி எத்தனை என்றெல்லாம் என் கணவர் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் படுக்கையறைக்குள் போய் அந்தக் கிழக்கு ஜன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டேன். சுவரில் பாதிக்கு மேல் கண்ணாடி. காலை வெயில் அறையைக் கடந்து எதிர்ச் சுவர்வரை போய் விழுந்திருந்தது. "இதுதான், இதையே எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். தரகருக்கு வாயெல்லாம் பல். பேரம் பேச வேண்டிய இடத்தில் இப்படி இளித்துக்கொண்டு நின்றாளே என்று என் கணவர் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

என் கணவருக்கு இரவு வேலை. ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளை அந்த வண்டியின் இரும்புக் கரங்களில் ஏந்தி, மூன்று மாடி உயரம் தூக்கி, ஒரு சாண் இடைவெளியில் செருகி வைக்க வேண்டும். கண் அசந்தால் தீர்ந்தது. காலை ஏழு மணிக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். பதினாறு வருடமாக இதே கதை. கூட வேலை செய்பவர்கள் அவரை வௌவால் என்று கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், கொஞ்சத் தோன்றினாலும் அப்படித்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தோம். எங்களுக்கென்று ஒதுக்கியது சாமான் அறை. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் மளிகை மூட்டைகள், இன்னொரு பக்கம் கால் உடைந்த நாற்காலிகள், நடுவில் ஒரு கட்டில். காலையில் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், சுவிட்சைத் தட்டிய மாதிரி ஆள் அணைந்துவிடுவார். ஒன்பது மணிக்கு நான் தையல் கடைக்குக் கிளம்பிவிடுவேன். ராத்திரியில் அவர் வேலைக்குப் போன பிறகு அதே கட்டிலில் நான் படுப்பேன். கட்டிலுக்குக் கீழே, மூத்தவருடைய மகள் படுக்கை விரித்திருப்பாள்.

அந்த வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும் என்று நான் நச்சரித்த நச்சரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஒன்பது வருடம் அவர் தலையைத் தின்றிருக்கிறேன். கடைசியில் வங்கிக்காரன் கடனுக்குத் தலையாட்டினான், வந்துவிட்டோம். மூன்றாவது மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, நின்று திரும்பினால் முடிந்துபோகும் சமையலறை. எங்கள் முதல் வீடு.

முதல் வாரமே விஷயம் புரிந்துவிட்டது. அவர் படுக்கிற நேரமும் அந்த ஜன்னலுக்கு வெயில் வருகிற நேரமும் ஒன்று. கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டினேன். எழுத்து எழுத்தாக வெளிச்சம் வந்தது. அதன்மேல் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டேன். அறை அடுப்பாகக் கொதித்தது. கறுப்புத் துணியில் கண்பட்டி தைத்துக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு அவர் வண்டிக் குதிரைபோல் படுத்திருந்த அழகைப் பார்த்துச் சிரித்தேன். பதினொரு மணிக்கு வியர்வையில் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு உட்கார்ந்திருப்பாராம். நான் அப்போது கடையில் இருப்பேன். சாயங்காலம் வந்தால் கண் இரண்டும் சிவந்து, கன்னம் தொங்கி, பேசினால் எரிந்து விழுகிற ஓர் ஆள் கூடத்தில் இருப்பார்.

மூன்றாவது வாரம் அவர் விடியற்காலையில் வண்டியை அடுக்கில் இடித்துவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. நாற்பது பெட்டி சரிந்தது. சூப்பர்வைசர் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டு, இன்னொரு தடவை நடந்தால் வண்டியைவிட்டு இறக்கி மூட்டை தூக்க அனுப்பிவிடுவேன் என்று சொன்னாராம். நாற்பத்து மூன்று வயதில், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு, உறையும் குளிரில் மூட்டை.

அன்று சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த மாசம் முடியறவரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணு. தூக்கம் வரலேன்னா இதை வாடகைக்கு விட்டுட்டு அண்ணன் வீட்டுக்கே போயிடலாம்."

"போயிடலாம்னு எவ்வளவு சுலபமா சொல்றீங்க."

"சாகறதைவிட சுலபம்தானே."

அந்த வீட்டுக்குத் திரும்பப் போவதைவிட நான் இந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவேன். அடைக்க வேண்டாம், நல்ல திரை ஒன்று போட்டால் போதும் என்று கடையில் மாஸ்டர் சொன்னார். அவர்தான் எங்கள் தையல் கடையின் முதலாளி. மறுநாள் அரைநாள் லீவு கேட்டு, கைப்பையில் டேப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போன கடையில் குளிர்சாதனம், சோபா, குடிக்கத் தண்ணீர் எல்லாம் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் திரை தானாக இறங்கியது. விலையைக் கேட்டேன், குடித்த தண்ணீர் தொண்டையில் நின்றது. அடுத்து சூப்பர்மார்க்கெட்டில் விசிறி மடிப்பாகக் காகிதத் திரை வைத்திருந்தார்கள், பசையில் ஒட்டிக்கொள்ளலாம், விலையும் கொள்ளை மலிவு. விரித்துக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தேன். விளக்கு அப்படியே தெரிந்தது. பக்கத்தில் பட்டை பட்டையாக அடுக்கிய பிளாஸ்டிக் திரை. பட்டைக்குப் பட்டை ஓர் இழை வெளிச்சம் வரும், அது என் வௌவாலுக்கு ஆகாது.

மூன்றாவது கடை ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு, துணி மாதிரிகள் கோத்த தடிமனான ஒரு புத்தகத்தை என் முன்னால் போட்டார். துணி என்று வந்துவிட்டால் என்னை ஏமாற்ற ஒருத்தர் பிறந்து வர வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தேன். சில துணியில் ஊசி ஊசியாக ஒளி வந்தது. வராததை எடுத்து மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, மறுபடி டார்ச் அடித்தேன். மலிவான பூச்சு என்றால் மடித்த இடத்தில் விரிசல் விட்டுவிடும், வெள்ளைக் கோடாக வெளிச்சம் தெரியும். முகர்ந்தும் பார்த்தேன், மூடிய அறையில் மனிதர் படுக்க வேண்டுமே. பதினேழு துண்டில் இரண்டு தேறியது.

"துணியைப் பெண் பார்க்கிற மாதிரி பார்க்கறீங்களே" என்றார் கடைக்காரர்.

"பெண்ணைத் திருப்பிக் கொடுக்கலாம். இதை நீங்க திருப்பி வாங்க மாட்டீங்களே."

"அது சரி. அளவுக்கு வெட்டினா வெட்டினதுதான்."

தேறிய இரண்டில் ஒன்று மண் நிறம். யாருக்கும் பிடிக்காமல் ஒரு சுருள் தங்கிப்போய்விட்டதால் விலையில் பாதி குறைப்பதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவருக்கு எந்த நிறமானால் என்ன. கூடத்துக்கும் சமையலறைக்கும் சேர்த்து மூன்று சுமாரான திரை வாங்குகிற காசை இந்த ஒன்றில் போட்டேன். உருளையில் சுற்றி, சங்கிலியை இழுத்தால் ஏறி இறங்குகிற வகை. ஜன்னல் சட்டத்துக்கு உள்ளேயே உட்காரும். இரண்டு பக்கமும் அலுமினியத் தடம் உண்டு. துணியின் ஓரம் அதற்குள் ஓடும், பக்கவாட்டில் இழைகூடக் கசியாது.

"அளவெடுக்க ஆள் அனுப்பட்டுமா? அதுக்குத் தனிக் கட்டணம்" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. "இருபத்திரண்டு வருஷமா டேப் பிடிக்கிற கைங்க இது" என்று சொன்னேன்.

அன்று சாயங்காலமே அளவெடுத்தேன். அகலம் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில். உயரமும் அப்படியே. மறுநாள் கடைக்குப் போய் அவர் கொடுத்த படிவத்தை நிரப்பினேன். அதில் இரண்டு கட்டம் இருந்தது. "ஜன்னல் அளவு, நாங்கள் கழித்துக்கொள்வோம்" என்று ஒன்று. "திரை அளவு, அப்படியே வெட்டுவோம்" என்று இன்னொன்று. நான் எடுத்த அளவில் இன்னொருத்தர் கை வைப்பதா என்று இரண்டாவது கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "நிச்சயமா?" என்றார். "போட்டதைப் போட்டபடி வெட்டுங்க" என்றேன்.

பதினொரு நாளில் திரை வந்தது. அன்று அவருக்கு வார விடுமுறை. இரண்டு பேரும் சேர்ந்து உறையைப் பிரித்தோம். அவர் ஸ்டூலில் ஏறி ஒரு முனையைச் சட்டத்தில் வைத்தார். மறுமுனையை நான் தூக்கிக் கொடுத்தேன். உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். சட்டத்தின் சிமெண்ட் உதிர்ந்ததுதான் மிச்சம். அவர் இறங்கி, என் டேப்பை எடுத்து உருளையை அளந்தார், பிறகு ஜன்னலை அளந்தார்.

"அரை அங்குலம் பெரிசு" என்றார்.

"கடைக்காரன் தப்பா வெட்டியிருப்பான். விடறேனா பாருங்க."

சட்டத்துக்கு வெளியே மாட்டலாம் என்று பார்த்தால் ஒரு பக்கம் சுவரோடு கட்டிய அலமாரி இடித்தது. மறுநாள் காலை உருளையைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஏறி அந்தச் சந்துக்குப் போனேன். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்தேன். வெட்டத் தெரியாதவன் எல்லாம் எதற்குக் கடை வைக்கிறான் என்பதுவரை போய்விட்டேன். கடைக்காரர் இழுப்பறையிலிருந்து என் படிவத்தை எடுத்து வைத்தார். ஐம்பத்தெட்டரை என்று என் கையெழுத்தில் இருந்தது. ஜன்னல் ஐம்பத்தெட்டு என்று எனக்கு மனப்பாடம்.

ஜன்னலின் உயரத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவர் கேட்டார். "நீங்க தைக்கிறவங்களா?"

"ஆமா. ஏன்?"

"உயரத்துலயும் ரெண்டு அங்குலம் கூட இருக்கு. மடிப்புக்கு விட்டிருக்கீங்க. அகலத்துல தையலுக்கு விட்டிருக்கீங்க. துணி தச்சுப் பழகின கைதான் இப்படிப் போகும். சட்டைன்னா பரவாயில்ல, பிடிச்சுத் தைக்கலாம். ஜன்னல் வயித்தை எக்கிக்காதுங்களே."

அங்கிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மூக்கு உடைந்ததில் எனக்கு வருத்தமில்லை, அது அடிக்கடி உடைகிற மூக்குதான். ஆனால் அளவு எடுத்தபோது நான் ஐம்பத்தெட்டு என்று வாய்விட்டுச் சொன்னது நன்றாக நினைவிருந்தது. வாய் சொன்னதைக் கேட்காமல் கை தன் பாட்டுக்கு அரை கூட்டி எழுதியிருக்கிறது. எத்தனை ஆயிரம் உடம்புக்கு அப்படிக் கூட்டி எழுதிய கை. மூச்சு விட வேண்டும், உட்கார வேண்டும், இரண்டு வருடத்தில் சதை போடும் என்று எல்லோருக்கும் யோசிக்கிற கை. அதை வெட்டிப் போடலாம் என்று இருந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர்தான். உருளையை அறுத்துத் துணியைக் குறைத்துத் தருகிறேன், கூலி மட்டும் கொடுங்கள் என்றார். பட்டறை வேறு ஊரில், வண்டி இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் போகும், அதுவும் நேற்றுத்தான் போயிற்று. எப்படிப் பார்த்தாலும் இருபத்தைந்து நாள் ஆகும். அந்த மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. விடுமுறை முடிந்து முந்தின இரவே வேலைக்குப் போய் வந்திருந்த அவர் கூடத்தில், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த மூன்றடி நிழலில், தரையில் உடம்பைச் சுருட்டிப் படுத்திருந்தார். முகத்தின்மேல் ஒரு துண்டு. தூங்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டதுமே, "என்னாச்சு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். என் கையெழுத்து என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் துண்டை மறுபடி முகத்தில் போட்டுக்கொண்டு, "சரி விடு" என்றார்.

அந்த "சரி விடு" என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் என் வாயாலேயே சொன்னேன். "திரை வர்றவரைக்கும் நீங்க பகல்ல அண்ணன் வீட்ல போய்ப் படுத்துக்கங்க. இருபத்தஞ்சு நாள்தானே. நான் அக்காகிட்ட பேசறேன்."

துண்டுக்குக் கீழிருந்து "பேசு" என்றார்.

அக்கா என்றால் மூத்தவர் மனைவி, என் ஓரகத்தி. போனில் அவள் ஒரு வார்த்தை குத்தாமல், "அவன் அறை அப்படியேதான் இருக்கு, வரச் சொல்லு" என்றாள். குத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நாலே நாளில் அவர் முகம் தெளிந்துவிட்டது. ஒரு வாரத்தில் பழையபடி சாப்பாட்டுக்கு இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். அண்ணன் வீட்டிலிருந்து தூங்கி எழுந்து நாலு மணிக்கு இங்கே வருவார். நான் ஏழு மணிக்கு வந்ததும் சேர்ந்து சாப்பிடுவோம், அவர் வேலைக்குக் கிளம்புவார். சூப்பர்வைசர் இப்போதெல்லாம் முறைப்பதில்லை என்று சொன்னார். அண்ணன் மகள் பரீட்சையில் தேறியதைச் சொன்னார். சமையலறைக் குழாய் சொட்டுவதை என்னைக் கேட்காமலே சரிசெய்தார். என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். எங்கே தூங்கிக் கிடைத்தார் என்பதை யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

இருபத்தேழாவது நாள் பட்டறை ஆளே வந்து மாட்டினான். உருளை சட்டத்துக்குள் அச்சாக உட்கார்ந்தது. அவன் போனதும் கதவைச் சாத்தி, சங்கிலியை இழுத்துத் திரையைக் கீழே தடம்வரை இறக்கினேன். நண்பகல் நேரம். முகத்துக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தேன், கை தெரியவில்லை. திரும்பியதும் கட்டில் விளிம்பு முழங்காலில் இடித்தது, அந்த வலிகூட இனித்தது. அவ்வளவு நல்ல திரை. அந்த விலைக்கு அப்படி ஒன்று யாராலும் வாங்க முடியாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் காலை அவர் நேராக வீட்டுக்கு வந்தார். அறையைப் பார்த்து, "அப்பாடி, கல்லறை மாதிரி இருக்கு" என்று சிரித்தார். நான் தலையணை உறை மாற்றி வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு அவர் படுத்திருக்கும்போதே சத்தமில்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அன்றைக்கு நான்கு பேண்ட்டுக்குக் கீழ் மடிப்பு அடித்தேன், எல்லாம் நேர்க்கோடு. மாஸ்டரே என்ன விசேஷம் என்று கேட்டார்.

சாயங்காலம் வந்தபோது அந்தச் சிவந்த கண் மறுபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

"முதல் நாள்தானே, பழகிடும்" என்று அவரே சொன்னார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நான் கேட்டேன். "வெளிச்சம் எங்கயாவது வருதா? சொல்லுங்க, டேப் ஒட்டிடறேன்."

"ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல."

"அப்புறம் என்ன?"

அவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. "நீ கதவைச் சாத்திட்டுப் போனதும் இங்க ஒரு சத்தம் இல்ல. அங்க அண்ணி ஏதாவது உருட்டிக்கிட்டே இருப்பாங்க. அண்ணன் இருமுவாரு. டிவி ஓடும். பசங்க சண்டை போடும். யாரோ இருக்காங்கன்னு தெரியும், அப்படியே கண்ணை மூடிடுவேன். இங்க படுத்தா என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது. செத்துட்டா யாருக்கும் தெரியாதுன்னு தோணுது. அப்புறம் எங்க தூங்கறது."

சரி, சத்தம்தானே வேண்டும் என்று நான் ஒரு நாள் லீவு போட்டேன். சமையலறையில் பாத்திரங்களை இறக்கித் தேய்த்தேன். ஒரு மூடியை வேண்டுமென்றே கீழே போட்டேன். ரேடியோவைத் திருகினேன், யாருடனோ பேசுகிற மாதிரி போனில் பேசினேன். பதினொன்றரைக்கு அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார்.

"எதுக்கு இப்படிக் கஷ்டப்படற? எனக்காகப் போடற சத்தம்னு தெரியுது. காது அதையே கேட்டுக்கிட்டிருக்கு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது எனக்கு. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவரும் எதிரில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னேன்ல, ஒரு மாசம்னு. ரெண்டு மாசம் ஆகப் போகுது" என்றார். குரலில் கோபமே இல்லை. "நீயும் என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்ட. வாடகைக்கு விட்டுடலாம். வீடு நம்ம பேர்லதான் இருக்கும், எங்கயும் ஓடிடாது. வேலையை விட்டு இறக்கிட்டான்னா இதையும் பிடிச்சு வைக்க முடியாது. நாலு பேர் இருக்கற வீட்ல இருக்கறது என்ன, உனக்கு அவ்வளவு கசப்பா?"

நான் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னேன். "அந்த வீட்ல நான் தூங்கினதே இல்ல."

"என்ன சொல்ற?"

"ஒன்பது வருஷம். உங்க அண்ணன் பொண்ணு கீழே உட்கார்ந்து படிப்பா, லைட்டு எரியும். முன்ன ஸ்கூலு, அப்புறம் காலேஜு. வேண்டாம்னு சொல்ல அது என் அறையா? லைட்டை அணைச்சா உங்க அண்ணன் தண்ணி எடுக்க உள்ளே வருவாரு, அப்புறம் அக்கா வந்து மளிகை எடுப்பாங்க, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து துணியைச் சரி பண்ணிக்குவேன். விடிய ஒரு மணி நேரம் கண்ணை மூடுவேன், அவ்வளவுதான். இங்க வந்த முதல் ராத்திரி படுத்தேன், விடிஞ்சதுதான் தெரியும். என் கல்யாணத்துக்கு முன்னாடி அப்படித் தூங்கினது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ கணக்குப் போடுவதுபோல் நெற்றி சுருங்கியது. "நீ சொல்லவே இல்லையே."

"நீங்க ராத்திரியில அங்க இருந்ததே இல்லையே."

இது யார்மேல் குற்றம். நான் பகலில் அங்கே இருந்ததில்லை, அவர் இரவில் இருந்ததில்லை. ஒரே கட்டிலை ஒன்பது வருடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறோம். எனக்கு அவர் தூங்குவது தெரியும், அவருக்கு நான் விழித்திருப்பது தெரியாது, அவ்வளவுதான். அவர் கையை நீட்டி என் கையிலிருந்த மூடியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். எங்களுக்குள் அன்பு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

"சரி" என்றார். "நீ அங்க வர வேண்டாம்."

நானும் "நீங்க இங்க கஷ்டப்பட வேண்டாம்" என்றேன்.

அதற்கு மேல் நாங்கள் எதையும் முடிவு செய்யவில்லை. மறுநாள் காலை அவர் கிடங்கிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும் போனார். முதலில் இரண்டு உடுப்பு அங்கே இருந்தது, பிறகு சவரப் பெட்டி போயிற்று, பிறகு இடுப்புக்குப் போடுகிற தைலம். குளிர் நாட்களில் கிடங்கிலிருந்து அங்கே போய், அங்கிருந்தே கிடங்குக்குப் போய்விடுவார். வழியும் அதுதான் கிட்ட. வார விடுமுறையில் இங்கே வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார். நான் கொட்டாவி விடுகிற நேரத்தில் அவருக்குக் கண் பளிச்சென்று இருக்கும். "நீ போய்ப் படு" என்பார். நான் காலையில் எழுந்து வரும்போது அவர் கிளம்பியிருப்பார், நாற்காலி சூடாக இருக்கும்.

சூப்பர்வைசர் அந்த எச்சரிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். பெரிய வண்டியைக்கூட இப்போது அவரிடம் கொடுக்கிறார்களாம். இதையெல்லாம் அவர் போனில்தான் சொன்னார். எனக்கும் உடம்பு தேறியிருக்கிறது. கன்னத்தில் சதை வைத்திருக்கிறது, என் சட்டைகளை நானே பிரித்துத் தைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஓரகத்தி கூப்பிட்டாள். சுற்றி வளைத்து, கடைசியில் கேட்டுவிட்டாள். "உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

பொய்யில்லை. மனஸ்தாபம் என்றால் யாராவது ஒருத்தர் இறங்கி வந்து சமாதானம் செய்துகொள்ளலாம். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் அங்கே நன்றாகத் தூங்குகிறார். நான் இங்கே நன்றாகத் தூங்குகிறேன்.